பண்டிகை நாளில் வாயில்லா ஜீவன்கள்: கதவிலிருந்து ஆரம்பியுங்கள்

பண்டிகை நெருங்கினால் நாய், பூனை வளர்ப்பவர்கள் முதலில் கேட்பது வெடிச்சத்தத்தைப் பற்றித்தான். நியாயமான கவலை. ஆனால் ஒரு நாயையும் ஒரு பூனையையும் வைத்துக்கொண்டு, சொந்தபந்தம் கூடும் வீட்டில் பல பண்டிகைகளைக் கடந்து வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், சத்தம் பாதிக் கதைதான். மீதிப் பாதி வாசற்கதவிலும், தரையிலும், விருந்தாளிகளின் கைப்பையிலும் இருக்கிறது. வீடு நிறைய ஆள் இருக்கும்போது யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொள்வோம். கடைசியில் பார்த்தால் ஒருவருமே பார்த்திருக்க மாட்டோம்.

அதனால் எங்கள் வீட்டில் என்ன சமைப்பது என்று பேசுவதற்கு முன்பே இன்றைக்கு யார் டியூட்டி என்பது முடிவாகிவிடும். டியூட்டியில் இருப்பவர் பந்தியில் பரிமாற மாட்டார், போட்டோ எடுக்க மாட்டார், வாசலுக்குப் போய் யாரையும் வரவேற்கவும் மாட்டார். நாய் எங்கே, பூனை எங்கே என்று கேட்டால் யோசிக்காமல் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஆள் மாறும். மாறும்போது வாய்விட்டுச் சொல்லித்தான் மாற வேண்டும். "அண்ணி, இனிமே உங்க முறை" என்று சொல்லி, அவர் "சரி" என்ற பிறகுதான் எழுந்திருக்கலாம். இதெல்லாம் கொஞ்சம் அதிகம் என்று அண்ணன் முதலில் கிண்டல் செய்தார். இப்போது கடிகாரத்தைப் பார்த்து ஆளை மாற்றிவிடுகிறவரே அவர்தான்.

கதவுக்கு வருகிறேன். விருந்தாளி வரும்போது கை நிறையப் பை இருக்கும். ஒரு காலை உள்ளே வைத்து, தோளால் கதவைத் தாங்கிக்கொண்டே நலம் விசாரிப்பார்கள். கிளம்பும்போது இன்னும் மோசம். "சரி, வரோம்" என்று சொன்ன பிறகு வாசலில் நின்று அரை மணி நேரம் பேசுவதுதானே நம் வழக்கம். அந்த அரை மணி நேரமும் கதவு திறந்தே கிடக்கும். வெளியே வெடிக்கிற நேரமும் பெரும்பாலும் அதுதான். மிரண்ட நாய்க்குத் திறந்த கதவு கண்ணில் பட்டால் போதும், கூப்பிட்ட குரல் காதில் விழாது. வழக்கமாகக் கூப்பிட்டால் ஓடிவருகிற நாய்க்கும் இதே கதைதான்.

எங்கள் விதி எளிது. ஆட்கள் வரும் நேரத்திலும் கிளம்பும் நேரத்திலும் இரண்டு ஜீவன்களும் இன்னொரு மூடிய கதவுக்குப் பின்னால் இருக்க வேண்டும். தெருவுக்கும் அவற்றுக்கும் நடுவில் எப்போதும் இரண்டு கதவு. அறைக்கதவில் 'உள்ளே பூனை, திறக்காதீர்கள்' என்று தாள் ஒட்டுவோம். படிக்கத் தெரியாத குட்டிக் குழந்தைகளும் வருவார்கள் என்பதால் தாழ்ப்பாளை அவர்களுக்கு எட்டாத உயரத்தில் மாட்டியிருக்கிறோம். தாளைவிடத் தாழ்ப்பாள்தான் அதிகம் உதவியிருக்கிறது. பெரியவர்களும் தாளைப் படிப்பதில்லை!

கழுத்துப்பட்டையை ஒரு வாரம் முன்பே சரிபாருங்கள். பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும், அதற்கு மேல் தொளதொளவென்று இருக்கக் கூடாது. பயந்த நாய் முன்னால் ஓடுவதில்லை. பின்னால் இழுத்துத் தலையைக் குனிந்து பட்டையிலிருந்து உருவிக்கொண்டு போய்விடும். இதைப் பார்த்தவர்களுக்குத்தான் அது எத்தனை சுலபம் என்று தெரியும். அதனால் பண்டிகை வாரத்தில் எங்கள் நாய்க்கு மார்பைச் சுற்றிப் போடும் ஹார்னஸும் உண்டு, கழுத்துப்பட்டையும் உண்டு. இரண்டிலும் தனித்தனியாகக் கயிறு மாட்டுவோம். நீண்ட நடையை வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிடுவோம். இருட்டிய பிறகு ஒன்றுக்குப் போக மட்டும் சுவர் சூழ்ந்த இடத்தில், அங்கேயும் கயிறோடுதான்.

தோலுக்கடியில் வைக்கும் அடையாளச் சில்லான மைக்ரோசிப்பைத் தங்கள் ஜீவனுக்குப் போட்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாயோ பூனையோ இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி அது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அதில் பேட்டரியே கிடையாது. அரிசி அளவுள்ள அந்தச் சில்லில் இருப்பது ஓர் எண் மட்டும்தான், சர்வதேசத் தரப்படி 15 இலக்கம். ஸ்கேனரைத் தோளருகே கொண்டுபோனால்தான் அந்த எண் தெரியும். அந்த எண்ணோடு பதிவாகியிருக்கும் போன் நம்பர் உங்களுடைய பழைய நம்பராக இருந்தால் சிப் இருந்தும் பலன் இல்லை. பண்டிகைக்கு முன் செய்ய வேண்டிய வேலைகளில் இதுதான் சின்னது, ஐந்து நிமிடம் ஆகும். பட்டையில் தொங்கும் தகட்டிலும் அதே நம்பர் இருந்தால் ஸ்கேனருக்கே வேலை இருக்காது.

மீறி ஓடிவிட்டால் பத்துப் பேராகக் கத்திக்கொண்டு துரத்தாதீர்கள். துரத்தினால் இன்னும் தூரம் போகும். பழகிய ஒருவர் மட்டும் மெதுவாக, நேராகப் போகாமல் பக்கவாட்டில் நெருங்கி, கீழே உட்கார்ந்து கூப்பிட்டால் வர வாய்ப்பு அதிகம். பூனை என்றால் தூரத்தில் தேடுவதற்கு முன் காலடியிலேயே தேடுங்கள். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனை வெளியே சிக்கினால் பக்கத்து வீட்டுப் படிக்கட்டின் அடியிலோ, நிற்கும் வண்டியின் கீழோ மூச்சு காட்டாமல் பதுங்கியிருக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் பதில் வராது. டார்ச்சைக் கண் மட்டத்தில் பிடித்துப் பாருங்கள், கண் பளபளக்கும்.

இனி சத்தம். நம் காது சுமார் 20,000 ஹெர்ட்ஸ் வரைதான் கேட்கும். நாய்க்கு 45,000 வரை எட்டும், பூனைக்கு அதற்கும் மேலே. ஆனால் பயத்துக்குக் காது கூர்மை மட்டும் காரணம் இல்லை. எப்போது வரும், எங்கிருந்து வரும், எப்போது நிற்கும் என்று தெரியாததுதான் அவற்றைக் குலைக்கிறது. கூடவே வெளிச்சம், புகை, வெடிமருந்து நாற்றம்.

பயம் என்றால் நடுக்கமும் ஊளையும்தான் என்றில்லை. எங்கள் நாய் கறுப்பன் என்னிடம் வந்தபோதே வளர்ந்த நாய், சத்தப் பயமும் அவனோடு சேர்ந்தே வந்தது. அவனிடம் நான் பார்த்தது இதுதான். முதலில் காது பின்னால் ஒட்டும். உதட்டை நக்கிக்கொண்டே இருப்பான். தூக்கமே இல்லாமல் கொட்டாவி விடுவான். வெக்கை இல்லாத நேரத்திலும் மூச்சு வாங்கும். கண்ணின் வெள்ளை ஓரத்தில் பிறைபோல் தெரியும். பிடித்த கறித்துண்டை வாயில் வாங்கி அப்படியே கீழே போட்டுவிடுவான். நடுக்கம் இதற்கெல்லாம் பிறகுதான் வரும். அந்த முதல் அறிகுறிகளிலேயே வேலையைத் தொடங்கிவிட்டால் பாதி ராத்திரி மிச்சமாகும்.

அறை தயார் செய்வதில் பெரிய வித்தை இல்லை. ஜன்னல் குறைந்த உள்ளறை, தடித்த திரை, உள்ளே விளக்கு எரியட்டும் (வெளியே பளிச்சிடுவது அப்போதுதான் எடுபடாது), மின்விசிறியோ டிவியோ ஓடட்டும். பழைய போர்வை, தண்ணீர். ஆனால் நீங்கள் தயார் செய்த இடத்தைத்தான் அது ஏற்க வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். அத்தனை மெத்தையையும் விட்டுவிட்டுக் கறுப்பன் தேர்ந்தெடுத்தது குளியலறையில் வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடுக்கை. நான்கு பக்கமும் சுவர், ஜன்னல் கிடையாது, தரை ஜில்லென்று இருக்கும். யோசித்துப் பார்த்தால் அவன் சொல்வதுதான் சரி. போர்வையை அங்கே கொண்டுபோய்ப் போட்டோம். மெஷினின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சோப்புத் தூளை மேலே எடுத்து வைத்தோம். பதுங்கிய இடத்திலிருந்து வெளியே இழுக்காதீர்கள். இழுத்தால் கடி வாங்குவீர்கள், அதில் நாயின் தப்பு ஒன்றும் இல்லை.

'பயப்படும்போது தடவிக் கொடுத்தால் பயம் பழகிவிடும், கண்டுகொள்ளாமல் விடு' என்று இன்னமும் அறிவுரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதை நம்பாதீர்கள். பயம் என்பது உணர்ச்சி. ஆறுதல் சொன்னதால் ஒருவருக்குப் பயம் அதிகமாகிவிடாது. பக்கத்தில் வந்து உடம்பை ஒட்டினால் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள், விலகிப் படுத்தால் விட்டுவிடுங்கள். உண்மையில் கெடுதல் செய்வது திட்டுவதும், 'பழகட்டும்' என்று வெடிக்கும் இடத்துக்கே கூட்டிப்போவதும்தான்.

எங்களுக்கு அதிகம் கைகொடுத்தது ஒரு சின்ன வேலை. வெளியே சத்தம் கேட்ட மறு நொடி, உயர்ந்த ரகத் தின்பண்டம் ஒரு துண்டு. சத்தம், துண்டு. சத்தம், துண்டு. சத்தம் இல்லாதபோது ஒன்றும் கிடையாது. நாய் அமைதியாக இருக்கிறதா, உட்கார்ந்ததா என்றெல்லாம் பார்க்க வேண்டாம், நிபந்தனையே இல்லாமல் கொடுக்க வேண்டும். வெடிச்சத்தப் பயத்துக்கு வளர்ப்பவர்கள் கையாளும் வழிகளை விசாரித்து ஸ்டெஃபனி ரீமர் என்ற விலங்கு நடத்தை ஆய்வாளர் 2020இல் வெளியிட்ட ஆய்வில், பலன் தந்ததாக அதிகம் பேர் சொன்ன வழிகளில் இதுவும் உடம்பைத் தளர்த்தும் பயிற்சியும் முன்னணியில் இருந்தன. வேகவைத்த கோழித் துண்டுகளைப் பொடிப்பொடியாக நறுக்கி டப்பாவில் வைத்துக்கொள்வேன். துண்டு பெரிதாக இருந்தால் வயிறு நிறைந்துவிடும், சத்தம் நிற்காது. ஒரு கட்டத்தில் வாங்க மறுத்தால் பயம் எல்லை தாண்டிவிட்டது என்று பொருள். அப்போது வற்புறுத்தாமல் டப்பாவை மூடிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.

இப்படி எல்லை தாண்டும் நாய்க்கு மருந்து கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஆனால் கால்நடை மருத்துவரைப் பார்ப்பது பண்டிகைக்கு முதல்நாளாக இருக்கக் கூடாது, பல வாரம் முன்பாக இருக்க வேண்டும். எந்த மருந்தானாலும் அமைதியான ஒரு நாளில் ஒருமுறை கொடுத்துப் பார்த்து, எவ்வளவு நேரத்தில் வேலை செய்கிறது, எப்படித் தள்ளாடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். இன்னொன்று, மயக்கம் வேறு, பயம் குறைவது வேறு. அசெப்ரோமசின் என்ற பழைய மருந்து உடம்பை அசையவிடாமல் செய்யும், உள்ளே பயம் அப்படியே இருக்கும். சத்தப் பயத்துக்கு அதைத் தனியாகக் கொடுப்பதை நடத்தை மருத்துவர்கள் இப்போது விரும்புவதில்லை. டிரசோடோன், கேபாபென்டின், ஈறில் தடவும் டெக்ஸ்மெடிடோமிடின் ஜெல் என்று வேறு வழிகள் இருக்கின்றன. உங்கள் நாய்க்கு எது, எவ்வளவு என்பது மருத்துவர் சொல்ல வேண்டியது. நண்பரின் நாய்க்குக் கொடுத்த மிச்ச மாத்திரை அந்த இடத்துக்கு வரவே கூடாது.

பூனை விஷயம் சுருக்கம். அது ஒளிந்துகொள்ளும், விட்டுவிடுங்கள். உயரத்தில் ஒரு பெட்டி, கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டி, மணல் தட்டு, தண்ணீர், மூடிய கதவு. நன்றாக இருக்கிறதா என்று பத்து நிமிடத்துக்கொரு முறை போய் எட்டிப் பார்ப்பதுதான் அதற்குப் பெரிய தொந்தரவு.

சாப்பாட்டுக்கு வந்தால் நிதானமாகப் பேச வேண்டியிருக்கிறது. விருந்தாளிகளில் ஒரு பெரியவர் கட்டாயம் இருப்பார், "ஒரு வாய்தானே, ஏங்கிப் போய்ப் பாக்குது பாரு" என்று தட்டிலிருந்து எடுத்து நீட்டுவார். அவர் கொடுப்பது ஒரு வாய்தான். ஆனால் வந்திருப்பது இருபது பேர். மாமாவிடம் "வேண்டாம்" என்று சொல்லிச் சொல்லி அலுத்த பிறகு அண்ணி ஒரு வழி கண்டுபிடித்தார். கூடத்தில் ஒரு சின்னக் கிண்ணம் நிறைய, கொடுக்கலாம் என்று நாங்கள் முடிவு செய்த தின்பண்டம். "மாமா, கொடுக்கணும்னா இதிலேர்ந்து கொடுங்க." ஆசையும் தீர்ந்தது, மனஸ்தாபமும் இல்லை. கிண்ணம் காலியானால் அன்றைய கொடுப்பினை முடிந்தது. அந்த அளவை அவனுடைய இரவுச் சாப்பாட்டில் கழித்துவிடுவோம்.

சாக்லேட் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு என்பதில்தான் குழப்பம். ஒன்று, 'ஒரு துளி பட்டாலே செத்துவிடும்' என்று பதறுவார்கள், இல்லை, 'எங்க நாய் எத்தனையோ தடவை தின்னிருக்கு' என்று அலட்சியம் செய்வார்கள். கணக்கு இதுதான். சாக்லேட்டில் இருக்கும் தியோப்ரோமின் என்ற பொருளை நாய் உடம்பு மிக மெதுவாகத்தான் வெளியேற்றும், பாதி அளவு வெளியேறவே சுமார் 17 மணி நேரம் ஆகும். எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் போனால் வாந்தி, பேதி, அமைதியின்மை தொடங்கலாம். 40 முதல் 50ஐத் தொட்டால் இதயத் துடிப்பு கெடும். 60 அளவில் வலிப்பு. பால் சாக்லேட்டில் ஒரு கிராமுக்குச் சுமார் 2 மில்லிகிராம், கறுப்பு சாக்லேட்டில் 5 அளவில், கேக் செய்யும் கெட்டிச் சாக்லேட்டில் 14க்கும் மேல், கோகோ தூளில் அதைவிட அதிகம். பத்துக் கிலோ நாய் என்றால் 100 கிராம் பால் சாக்லேட்டில் வருகிற தொல்லை, கெட்டிச் சாக்லேட் 15 கிராமிலேயே வந்துவிடும். அதனால் என்ன வகை, எவ்வளவு, நாயின் எடை என்ன என்ற மூன்றையும் சொன்னால் மருத்துவர் போனிலேயே ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். காகிதத்தைக் குப்பையில் போடாமல் எடுத்து வையுங்கள். அறிகுறி தெரிய ஆறு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம், 'நல்லாத்தானே இருக்கான்' என்று காத்திருக்க வேண்டாம்.

சைலிட்டாலைப் பற்றி இவ்வளவு பேருக்குத் தெரிவதில்லை, எனக்கு அதுதான் சாக்லேட்டைவிடப் பெரிய பயம். சர்க்கரை இல்லாத சூயிங்கம், மிட்டாய், சில பற்பசை, சில வேர்க்கடலை வெண்ணெய் ஆகியவற்றில் இனிப்புக்காகச் சேர்ப்பது. சில உறைகளில் E967 என்ற குறியீடு மட்டும் போட்டிருக்கும். மனிதருக்கு ஒன்றும் செய்யாது. நாய் தின்றால் இன்சுலின் ஒரேயடியாகச் சுரந்து ரத்தச் சர்க்கரை சரிந்துவிடும், அரை மணி நேரத்திலேயே தள்ளாட்டம் தொடங்கலாம். கிலோவுக்கு 0.1 கிராம் போதும். சில சூயிங்கம் வகைகளில் ஒரு துண்டிலேயே ஒரு கிராம் அளவுக்கு இருக்கும். அதிகம் தின்றால் கல்லீரலும் செயலிழக்கும். இது பெரும்பாலும் வீட்டுச் சமையலறையில் இருப்பதில்லை, விருந்தாளியின் கைப்பையில் வரும். அதே பையில் மாத்திரையும் வரும். பாராசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை பூனையின் உயிரை எடுக்கலாம், இபுபுரூஃபன் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் புண்ணாக்கும். அதனால் உள்ளே நுழைந்ததும் பைகளையெல்லாம் வாங்கி, ஒரு அலமாரியில் வைத்து மூடிவிடுவோம். பெரிய உபசாரம் என்று நினைத்து வந்தவர்களும் மகிழ்ந்துபோகிறார்கள்!

திராட்சையும் உலர்திராட்சையும் நாய்க்குச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதிலிருக்கும் டார்டாரிக் அமிலம்தான் காரணம் என்ற கருத்து 2021க்குப் பிறகு வலுத்திருக்கிறது. ஒரு நாய் கைப்பிடி தின்றும் தப்பும், இன்னொன்று சில பழத்திலேயே விழும், முன்கூட்டிச் சொல்ல முடியாது. எனவே இதில் அளவுக் கணக்கே வேண்டாம், தின்றால் போன் செய்துவிட வேண்டியதுதான். வெங்காயமும் பூண்டும் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், பூனைக்கு இன்னும் மோசம், அறிகுறி தெரியச் சில நாள் ஆகும். குழம்பில் கரைந்து கண்ணுக்குத் தெரியாத வெங்காயமும் வெங்காயம்தான். வெந்த எலும்பு சில்லுசில்லாக உடைந்து குடலைக் குத்தும். கொழுப்பு மிகுந்த மிச்சத்தை மொத்தமாகத் தின்றால் கணையம் வீங்கும், மறுநாள் வாந்தியும் வயிற்றுவலியுமாக வரும். ஈஸ்ட் போட்டுப் பிசைந்த பச்சை மாவு வயிற்றுக்குள் போயும் உப்பும், அங்கேயே சாராயமாகவும் மாறும். குப்பைக்கூடைக்கு மூடி போதாது, கதவுக்குப் பின்னால் வையுங்கள்.

அலங்காரப் பொருட்களில் நான் நூலையும் ரிப்பனையும் முதலில் வைப்பேன். பக்கத்து வீட்டுப் பூனை ஒன்று பரிசுப் பொட்டலத்தைச் சுற்றியிருந்த மெல்லிய ரிப்பனை விழுங்கிவிட்டது. எச்சில் வடிந்தது, சாப்பிடவில்லை, வேறொன்றும் தெரியவில்லை. மருத்துவர் வாயைத் திறந்து கட்டைவிரலால் கீழிருந்து அழுத்தி நாக்கைத் தூக்கினார். நாக்கின் அடியில், வேர்ப்பக்கமாக, ரிப்பன் ஒரு சுற்றுப் போட்டு இறுகி, இரண்டு பக்கமும் சதையைக் கீறியிருந்தது. மறுமுனை குடலுக்குள். ஒருமுனை மாட்டிக்கொண்டு மறுமுனையைக் குடல் தள்ளிக்கொண்டே போனால், நாடாவை இழுத்துப் பாவாடையைச் சுருக்குவதுபோல் குடல் முழுக்கச் சுருங்கி, நூலே அதை அறுத்துவிடும். கூட வந்திருந்த நான் அப்போதுதான் அதை நேரில் பார்த்தேன். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். அறுவை சிகிச்சை செய்து, பூனை பிழைத்துக்கொண்டது. இப்போது எங்கள் வீட்டில் பரிசைப் பிரிக்கும் இடத்தில் ஒருவர் பையை விரித்துக்கொண்டு நிற்பார், ரிப்பன் தரையைத் தொடாது.

பூங்கொத்து கொண்டுவருபவர்களிடம் முன்பே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், வீட்டில் பூனை இருக்கிறது, லில்லி மட்டும் வேண்டாம் என்று. லில்லியம் (அசல் லில்லி), ஹெமரோகாலிஸ் (டே லில்லி) இனப் பூக்களில் இதழ், இலை, மகரந்தம், ஜாடித் தண்ணீர் எல்லாமே பூனைக்கு விஷம். தின்ன வேண்டும் என்றுகூட இல்லை, ரோமத்தில் படிந்த மகரந்தத்தை நக்கினாலே போதும். ஒன்றிரண்டு நாளில் சிறுநீரகம் நின்றுபோகும். முதல் 18 மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கினால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. லில்லி ஜாடியை உயரத்தில் வைப்பது தீர்வல்ல. பூனைக்கு எது உயரம்?

பட்டன் பேட்டரி போடும் சின்ன விளக்குகளின் மூடியில் திருகு இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் சில மணி நேரத்திலேயே அரித்து ஓட்டை போடும். எரியும் மெழுகுவர்த்தி இருக்கும் அறைக்குள் வால் உள்ள எதுவும் போகக் கூடாது என்பது எங்கள் பாட்டி போட்ட விதி, இன்றுவரை திருத்த வேண்டி வரவில்லை.

குழந்தைகள் கூடும் வீட்டில் நாய் உறுமினால் திட்டாதீர்கள். உறுமல் என்பது 'தள்ளிப் போ' என்று அது மரியாதையாகச் சொல்வது. அதை அடக்கிப் பழக்கினால் அடுத்த முறை சொல்லாமலே கடிக்கும். உறுமினால் குழந்தையை நகர்த்துங்கள், நாயை அறைக்குக் கூட்டிப்போங்கள், அதற்கு அன்றைக்கு அவ்வளவுதான் முடிந்தது. தூங்கும்போதும் சாப்பிடும்போதும் குழந்தை கிட்டே போகக் கூடாது என்பதை டியூட்டியில் இருப்பவர்தான் பார்க்க வேண்டும்.

விஷம் தின்றுவிட்டது என்று சந்தேகம் வந்தால் வாயில் உப்புக்கரைசல் ஊற்றி வாந்தி எடுக்கவைக்கும் பழைய கைவைத்தியம் வேண்டாம். அந்த உப்பே மூளையைப் பாதிக்கும் அளவுக்கு ரத்தத்தில் ஏறிவிடும். பால் கொடுப்பதாலும் விஷம் முறியாது. வாந்தி எடுக்கவைக்கலாமா என்பதே என்ன தின்றது என்பதைப் பொறுத்தது, மருத்துவர் சொல்லட்டும். பண்டிகை அன்று எந்த மருத்துவமனை திறந்திருக்கும், இரவில் யார் போன் எடுப்பார்கள் என்று முன்பே கேட்டு, நம்பரைக் குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டிவிடுங்கள். வயிறு உப்பி, வாந்தி எடுக்க முயன்றும் ஒன்றும் வராமல் நாய் தவித்தால் போன்கூட வேண்டாம், நேரே வண்டியை எடுங்கள். இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம், அது சில மணி நேரத்திலேயே உயிரை எடுக்கும். தீக்காயம் பட்டால் ஓடும் குளிர்ந்த தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம், பற்பசை வேண்டாம்.

பறவை வளர்ப்பவர்கள் புகையில் கூடுதல் கவனம் வைக்க வேண்டும், அவற்றின் மூச்சு மண்டலம் நம்முடையதைவிட நுட்பமானது. அடுப்பில் மறந்துபோன நான்ஸ்டிக் பாத்திரம் அளவுக்கு மீறிச் சூடேறினால் வரும் ஆவி, நமக்கு ஒன்றும் தெரியாமலே கூண்டிலிருக்கும் பறவையைக் கொன்றுவிடும். சமையல் நடக்கும் பக்கத்தில் கூண்டு இருக்கவே கூடாது. முயல் பயந்தால் சாப்பாட்டை நிறுத்தும், நிறுத்தினால் குடல் நின்றுபோகும், அரை நாள் சாப்பிடாவிட்டாலே மருத்துவரிடம் போக வேண்டும்.

மறுநாள் காலை நாயைக் கூட்டிக்கொண்டு வெளியே போவதற்கு முன், ஒருவர் துடைப்பத்தோடு போய் வாசலையும் சுற்றுப்புறத்தையும் பார்த்துவிட வேண்டும். வெடிக்காமல் கிடக்கும் பட்டாசிலும் சிதறிய மருந்திலும் பேரியம், நைட்ரேட், குளோரேட் உப்புகள் இருக்கும், சில நாய்கள் அதை ஆவலாகத் தின்னும். உடைந்த கண்ணாடி, கம்பி, எலும்பு எல்லாம் அதே தரையில்தான் கிடக்கும். விருந்து முடிந்த வீட்டில் சோபாவுக்கு அடியிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். நாய் ஒன்றிரண்டு நாள் சோர்ந்து, வெளியே வர மறுத்தால் அது வழக்கம்தான். பூனை ஒரு முழு நாள் எதுவுமே சாப்பிடாமல் இருந்தால் மட்டும் அதை வழக்கம் என்று விட்டுவிடாதீர்கள். பட்டினி கிடக்கும் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு ஏறிவிடும், குண்டுப் பூனைக்குச் சீக்கிரம் ஏறும்.

சத்தத்துக்குப் பழக்கும் பயிற்சியைத் தொடங்க நல்ல நேரம் பண்டிகை முடிந்து ஊர் அடங்கிய பிறகுதான். பதிவு செய்த வெடிச்சத்தத்தைக் காதில் விழுந்தும் விழாத அளவில் வைத்து, கூடவே கறித்துண்டு. சில நாளுக்கு ஒருமுறை ஒலியை ஒரு மயிரிழை கூட்டுவது. காது பின்னால் ஒட்டினால் பழைய அளவுக்கே இறங்கிவிட வேண்டும். மாதக்கணக்கில் ஆகும், அவசரப்பட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இப்போதைக்குக் கறுப்பன் போனில் பாதி ஒலி வரைக்கும் வந்திருக்கிறான். சத்தம் கேட்டதும் தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்துவிட்டு, உடனே என் கையைப் பார்க்கிறான். அதற்கு மேல் ஏற்றினால் எழுந்து குளியலறைக்குப் போய்விடுகிறான். அதனால் பாதியிலேயே நிற்கிறோம், அடுத்த பண்டிகைக்குள் இன்னும் ஒரு படி ஏறினால் லாபம். ஏறாவிட்டால் மருந்துச் சீட்டு இருக்கிறது.